ஆறுவதற்குள்

கிரீம் சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலக்க ஆரம்பிக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு அதுதான். வெளியே எடுத்து வைத்துவிட்டு, அது தானாகத் தளரும்வரை வேறு வேலையைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டி கட்டியாக நிற்கும். அப்புறம் என்ன கிண்டினாலும் கரையாது. நீங்கள் வரப்போவதை நேற்றே சொல்லிவிட்டதால் நான் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். பாருங்கள், கரண்டி வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது.

அன்றைக்கு நடந்ததை அப்படியே செய்துகாட்டச் சொன்னீர்கள், மேடம். எனக்கும் அதுதான் வசதி. சும்மா உட்கார்ந்து பேசு என்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கூடை எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். வாசலை ஒட்டி, செருப்பு அலமாரியின் மேல். அதே இடத்தில் வைத்துவிட்டேன். உங்கள் போனையும் நீங்களே அதில் போட்டீர்கள், விருந்தாளிகள் போட்ட மாதிரியே. போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசினீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்தில் யார் போனில் பேசினாலும் என் காது தானாகவே அங்கே போய்விடும். சர்வீஸ் முழுக்க அப்படியே பழகிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல், மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், ஈரத்துணி போட்டு எடுக்கச் சொன்னீர்கள். குழந்தை என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும். கவலைப்படாதீர்கள்.

இந்தப் பூண்டைக் கொஞ்சம் உரித்துக் கொடுக்கிறீர்களா? வேண்டாமா, சரி, நானே உரித்துக்கொள்கிறேன். அன்றைக்கும் நானேதான் உரித்தேன்.

என்னைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டருக்கு அந்தரங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தரங்கச் செயலாளர் என்றால் கடிதம் டைப் அடிப்பவள் என்று நினைக்கிறார்கள். அது சின்ன வேலை. பெரிய வேலை, யாரை உள்ளே விடுவது, யாரைக் காக்க வைப்பது என்பது. டைரக்டர் எனக்கு வைத்த பெயரே ‘கதவு’. "என்கிட்ட வர்றதுன்னா முதல்ல கதவைத் தாண்டணும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கேட்கும்போது எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

போனில் கத்துகிறவர் உண்டு, அழுகிறவர் உண்டு, இன்றைக்கே முடியாவிட்டால் மாடியிலிருந்து குதித்துவிடுவேன் என்று மிரட்டுகிறவரும் உண்டு. ஒருவரைக்கூட நான் ‘முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. ‘இதோ சொல்லிவிடுகிறேன்’, ‘இப்போதுதான் கிளம்பினார்’, ‘உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே ஓட்டிவிடலாம். போனை வைக்கும்போது எதிராளி நிம்மதியாக வைப்பார். காரியம் நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். நிம்மதி நடந்துவிடும். இதை யாரும் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, மேடம். குரலில் இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுநாள் என் போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தெருமுனைக் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது. "ஒண்ணும் ரிப்பேர் இல்லம்மா" என்று கையில் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். டைரக்டர்கூட ஒரு தடவை கூப்பிடவில்லை. புதிதாக வேறு கதவு போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிற இந்தச் சீஸ் டிப் என் வாழ்க்கையில் வந்தது. மாதக் கடைசியில் எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீட்டுக்காரர்களைச் சாயங்காலம் கூப்பிடுவேன். ஒரு தடவை இதைச் செய்துவைத்தேன். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவர்களாகவே "எப்ப ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். போன் மறுபடி அடித்தது. எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்வேன். உண்மையில் அது சீஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. வாக்குமூலம் என்றால் எதையும் மறைக்கக் கூடாதல்லவா, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வெங்காயம். இது நன்றாகச் சுருண்டு, தேன் நிறத்துக்கு வர வேண்டும். பூண்டை வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். பச்சையாகப் போட்டால் மறுநாள்வரை வாயில் நிற்கும். துருவிய சீஸ் பாக்கெட் வாங்கக் கூடாது, அதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி, கையால் துருவ வேண்டும். கொஞ்சம் புளிப்புத் தயிர், மிளகு, மேலே ரொட்டித் தூள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சூட்சுமம் இதில் இல்லை.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. ஓவனிலிருந்து எடுக்கும்போது ஓரமெல்லாம் கொப்பளிக்கும், மேலே பொன் நிறம் கட்டியிருக்கும். அந்தப் பதத்தில் மொறுமொறு ரொட்டியை விட்டு எடுத்தால் நூல் நூலாக வரும். அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஆடை கட்டும், எண்ணெய் தனியே நிற்கும். திரும்பச் சூடாக்கினாலும் சரிவராது. இன்னும் மோசமாகத் திரிந்துபோகும். அதனால் என் வீட்டில் ஒரு வழக்கம். எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்து நின்ற பிறகுதான் எடுப்பேன். எல்லோரும் ஒரே சமயத்தில் ரொட்டியை விடுவார்கள். ஒருத்தர் குறைந்தாலும் ஆரம்பிப்பதில்லை.

பல் டாக்டராக இருக்கும் பெண்ணும் அவர் அம்மாவும் குடிவந்தது போன வருஷம். எங்களுக்கு இரண்டு மாடி கீழே. அம்மாவைக் குடியிருப்பு முழுக்க டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். கணக்கு டீச்சராக இருந்தவர். வயதாகிவிட்டது, ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆமாம், எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை. நல்ல மனுஷி. ஆனால் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். விடைத்தாள் திருத்தியே பழகியவர்.

அவர் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம், நான் தட்டை மேஜையில் வைத்த அதே நொடியில் டாக்டரின் போன் அடித்தது. யாரோ ஒரு நோயாளிக்குப் பல் வலி. டாக்டர் பால்கனிக்குப் போய் விலாவாரியாகப் பேச ஆரம்பித்தார். எங்கள் வழக்கப்படி எல்லோரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஓரத்துக் கொப்பளிப்பு அடங்கியது. ஆடை கட்டியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் வந்த பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். வழக்கம்போலப் புகழ்ந்தார்கள். டீச்சரம்மா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஆறிப்போச்சே" என்றார்.

மேல்வீட்டு வக்கீல் மட்டும் சிரித்துவிட்டார். அவருக்கு எதற்கும் சிரிப்பு வரும். டாக்டர் என் தோளில் கைவைத்து, "அம்மா இப்படித்தான் ஆன்ட்டி, கண்டுக்காதீங்க. உங்களுக்கும் எவ்வளவு வேலை. ஒண்ணு பண்ணுவோம், இனிமே எங்க வீட்ல வெச்சுக்கலாம். நான் வெளியில ஆர்டர் பண்ணிடறேன். நீங்க ஜாலியா வந்து உட்காருங்க" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. ஜாலியாக வந்து உட்காருவதற்குத்தான் எனக்கு வீடு நிறைய நாற்காலி இருக்கிறதே. இன்னும் ஒரு தடவை என் வீட்டில் வைக்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். டாக்டர் சரி என்றார்.

கூடை வந்தது அதற்குப் பிறகுதான். டீச்சரம்மா சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, மேடம். குறை சொன்னால் திருத்திக்கொள்கிறவள் நான். வாசலில் கூடை வைத்து, எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மேலே ஒரு துண்டு போட்டு மூடியும் வைத்தேன், சத்தம் உள்ளே வராமல் இருக்க. வக்கீல் கொஞ்சம் முனகினார். டாக்டர்தான் முதலில் போட்டார். "நல்ல ஐடியா ஆன்ட்டி, ஒரு சாயங்காலமாவது நிம்மதியா இருப்போம்" என்றார்.

இதோ, கலவை தயார். தட்டில் பரப்பி, ஓவனில் வைக்கிறேன். அன்றைக்கும் இந்தத் தட்டுதான். நீங்கள் பால்கனியைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே டாக்டர் வீட்டுப் பாத்ரூம் ஜன்னல் தெரியும். கதவை நன்றாகத் தள்ளித் திறக்க வேண்டும், கொஞ்சம் இறுக்கம். நான் ரொட்டியை வாட்டி வைக்கிறேன்.

பார்த்துவிட்டீர்களா? உட்காருங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. முழங்கால் வலியோடு படியேற முடியாது என்று டீச்சரம்மா வரவில்லை. டாக்டர் மட்டும் வந்தார். வக்கீல், நூலகத்தில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, டாக்டர், நான், என் வீட்டுக்காரர். அவருக்குச் சீஸ் ஒத்துக்கொள்ளாது. இத்தனை மாதத்தில் ஒரு வாய் வைத்ததில்லை. நாற்காலி போடுவார், தட்டு எடுத்து வைப்பார், யாராவது ஜோக் சொன்னால் கடைசியில் சிரிப்பார். அப்படி ஒரு சாது.

டீச்சரம்மாவுக்கு என்று முதலிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து, பெரிய தட்டோடு ஓவனில் வைத்திருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மனதில் கெட்ட எண்ணம் இருக்கிறவள் கிண்ணம் எடுத்து வைப்பாளா?

ரொட்டிக் கூடையை எடுக்க நான் முன்பக்கம் வந்தபோது வாசல் கூடையில் ஒரு போன் அடித்தது. துண்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ‘அம்மா’ என்று இருந்தது. டாக்டருடைய போன். அடுத்தவர் போனை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். வாழ்நாள் முழுக்க நான் எடுத்தது அடுத்தவர் போனைத்தானே. அடித்தால் கை போய்விடும்.

"வணக்கம், சொல்லுங்க" என்றேன்.

"யாரு? அவ இல்லையா?"

"மேல்வீட்லேர்ந்து பேசறேன் டீச்சரம்மா. டாக்டர் கொஞ்சம் வேலையா இருக்காங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா. தலை சுவத்துல இடிச்சிருச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. எழுந்திரிக்க முடியல. அவளைக் கொஞ்சம் வரச் சொல்லும்மா."

"இதோ சொல்லிடறேன்."

"ஆம்புலன்ஸுக்குப் பண்ணட்டுமா? நம்பர் தெரியும் எனக்கு."

"எதுக்கும்மா வீணா அலைச்சல்? டாக்டரே வர்றாங்க. படி இறங்கற நேரம்தான். நீங்க யாருக்கும் பண்ண வேண்டாம். லைனை ஃப்ரீயா வைங்க, அசையாம படுத்திருங்க."

"சரிம்மா. நல்லவேளை நீ எடுத்தே" என்றார்.

அவர் குரலில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அது தெரியும். அந்த நிம்மதி வந்ததும் போனை வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டேன்.

சொல்வதற்காகத்தான் உள்ளே போனேன், மேடம். சத்தியமாக. டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வக்கீல் சொன்ன எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதே சமயம் ஓவனில் மணி அடித்தது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது சொன்னால் டாக்டர் ஓடுவார். அவர் பின்னால் வக்கீல் ஓடுவார். எங்கே பரபரப்போ அங்கே அவர் இருப்பார். நூலகத் தம்பதி தர்மசங்கடமாக நிற்பார்கள். தட்டு மேஜையில் ஆடை கட்டும். அடுத்த மாதம் டாக்டர் வீட்டில், வெளியில் ஆர்டர் பண்ணிய ஏதோ ஒன்றை, நான் ஜாலியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். நான் சொல்லாமல் விடவில்லை. வரிசைப்படுத்தினேன். எதை முதலில் உள்ளே அனுப்புவது, எதைக் கொஞ்சம் காக்க வைப்பது என்று தீர்மானிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஆறிப்போகிற பொருளை முதலில் கவனிக்க வேண்டும். படுத்திருக்கிறவர் படுத்துத்தானே இருக்கிறார்.

முதல் வாய் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

தட்டை வைத்தேன். ஓரம் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் ரொட்டியை விட்டார்கள். நூல் நூலாக வந்தது. ஒரு பேச்சில்லை, வெறும் சப்புக்கொட்டும் சத்தம்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இரண்டாவது வாய் முடியட்டும் என்று விட்டேன்.

அப்போது மறுபடி வாசலில் அந்தப் போன் அடித்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது. கைதுடைக்கும் துணி எடுக்கிற சாக்கில் போனேன்.

"வந்துட்டாளாம்மா? குளிருது."

"செருப்பு போட்டுக்கிட்டிருக்காங்க டீச்சரம்மா."

"லைட்டு ஏன் அணைஞ்சிருச்சு?"

"கரண்ட் போயிருக்கும்மா. இப்ப வந்துரும்."

எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எதிர் வரிசை வீடுகளிலும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பயப்படுகிறவரிடம் பயப்படும்படி பேசக் கூடாது. அது முதல் பாடம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் தண்ணீர் ஜாடியோடு நிற்கிறார். "யாரு?" என்றார். "ராங் நம்பர்" என்றேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது தடவை அடிக்கவில்லை. நானும் ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அடிக்கவே இல்லை. வலி குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டு காலியானது. வக்கீல் ரொட்டி தீர்ந்துபோய் விரலால் வழித்தார். டாக்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். எங்க வீட்ல இது நடக்காது. ஒவ்வொரு மாசமும் இங்கதான், நீங்கதான்" என்றார். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதை நான் மறைக்க மாட்டேன். வேலையை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அந்த நிமிஷத்தில் போய், உங்கள் அம்மா விழுந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? எப்போது என்று கேட்பார். எப்போதோ என்று சொல்ல முடியாது. இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பார். நல்ல பேச்சுக்கு நடுவில் அது ஒரு மாதிரி இருக்கும். கிளம்பும்போது டாக்டர் டிப்பை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார், வாசலில் நின்றபடியே சொன்னேன். வெங்காயம், பூண்டு, மாவு தூவாத சீஸ், எல்லாம். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். "அம்மாவுக்கு. சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லுங்க" என்றேன். கூடவே, "அம்மா உங்களைத் தேடினாங்கபோல" என்றும் சொன்னேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவலை நான் சேர்த்துவிட்டேன். என் சர்வீஸில் ஒரு தகவல்கூடச் சேராமல் போனதில்லை.

டாக்டர் சிரித்தார். "டிவி ரிமோட்டைக் காணோம்னு தேடியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணம் சிந்தாமல் பார்த்துப் பார்த்துப் படி இறங்கினார்.

அவர் அலறல் படி வழியாக மேலே வந்தபோது நான் ஓவன் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓடியது நான்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். எந்தத் தெரு, எந்த வாசல், லிஃப்ட் ஓடவில்லை என்பதையெல்லாம் ஒரு பதற்றமில்லாமல் சொன்னேன். வந்தவர்களே அசந்துபோனார்கள். கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அங்கே எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

துக்கம் விசாரித்து வந்த போன்களையெல்லாம் நான்தான் எடுத்தேன். டாக்டரால் பேச முடியவில்லை. அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் உள்ளே போகலாம், யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். டாக்டர் என் மடியில் தலைவைத்து அழுதார். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் ஆன்ட்டி" என்றார். அந்தக் கிண்ணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. பாத்ரூம் வாசலில் உடைந்து கிடந்தது என்று வக்கீல் சொன்னார். உடைந்தது போனால் போகட்டும், கேட்கவும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

அழுது ஓய்ந்த பிறகுதான் டாக்டர் தன் போனைப் பார்த்திருக்கிறார். அம்மாவிடமிருந்து இரண்டு அழைப்பு, இரண்டையும் யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்காமல் என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். அந்த மனுஷர், வாழ்நாளில் முதல் தடவையாக, என்னைக் கேட்காமல் ஒரு பதில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "உன் குரல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். நான் அன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. அவரும் கண்டும் காணாமல்தானே ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம்தான். இரண்டு தடவையும் எடுத்தது நான். யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதும் நான். கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடுகிறேன். ஆனால் கொலை என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அது கொஞ்சம் தூக்கல். நான் யாரையும் தொடக்கூட இல்லை. காத்திருக்கச் சொன்னேன், அவ்வளவுதான். காத்திருப்பதால் யாராவது சாவார்களா? அப்படிப் பார்த்தால் என் மேஜைக்கு முன்னால் எத்தனை பேர் செத்திருக்க வேண்டும்.

மணி அடிக்கிறது. நகர்ந்துகொள்ளுங்கள், தட்டு சுடும்.

பாருங்கள், ஓரம் எப்படிக் கொப்பளிக்கிறது. மேலே நிறத்தைப் பாருங்கள். அன்றைக்கும் இதே நிறம்தான், கொஞ்சமும் மாறவில்லை. ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் உங்கள் ரிப்போர்ட்டில் என்ன எழுத முடியும், நீங்களே சொல்லுங்கள்.

ஓ, போன் வந்ததா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம், நீங்கள் பால்கனியில் இருந்தபோது உங்கள் போன் அடித்தது. அந்தக் கதவை மூடினால் அங்கே ஒன்றும் கேட்காது. உங்கள் மாமியார்தான். பாவம், ரொம்பப் பதறிப்போயிருந்தார். குழந்தைக்கு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கிறதாம், கண் மேலே செருகிவிட்டதாம், பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். நான் சமாதானமாகப் பேசினேன். யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், வழியில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போனை வைத்தார்.

எழுந்திருக்காதீர்கள், மேடம். ஒரு வாய் போட்டுக்கொண்டு போங்கள், ஆறிவிடப்போகிறது.